முதலில் பேச வேண்டியவள்

பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்த பெண்மணிக்கு, வந்த சில நாட்களிலேயே மெக்கானிக்குகள் பெயர் சூட்டிவிட்டார்கள். பூட்டு மேடம். கை கழுவப் போனால்கூடக் கிடங்கைப் பூட்டிவிட்டுத்தான் போவாள் என்பது ஒரு காரணம். வாயையும் அப்படியே பூட்டி வைத்திருந்தாள் என்பது இன்னொரு காரணம்.

தலைமை மெக்கானிக் ஒருநாள் பிரேக் லைனிங் வாங்க வந்த இடத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க மேடம்?"

"ராணுவத்துல."

"அடேங்கப்பா! துப்பாக்கியெல்லாம் சுட்டிருக்கீங்களா?"

"ஸ்டோர்லதான் இருந்தேன். பூட்ஸ், போர்வை, டயர்."

"அப்புறம் ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"போதும்னு தோணுச்சு. பழைய லைனிங்கக் குடுங்க, அப்பத்தான் புதுசு தருவேன்."

அவர் பட்டறைக்குத் திரும்பிப் போய், "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை வாங்கணும்னா பழைய வார்த்தை ஒண்ணத் திருப்பிக் குடுக்கணும் போலிருக்கு" என்று சொல்ல, பட்டறையே சிரித்தது. சிரிப்புச் சத்தம் கிடங்கு வரை கேட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

டிப்போவை ஒட்டிய டயர் கடையின் மாடியில் ஓர் அறையில் குடியிருந்தாள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் பஸ் கழுவும் சாய்தளம் தெரியும். வெளியூரில் இருந்த அண்ணன் எப்போதாவது போன் செய்வார். "நல்லா இருக்கியாம்மா?" என்பார். "நல்லா இருக்கேண்ணே" என்பாள். பின்னாலிருந்து அண்ணி, "ஒரு கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுங்க" என்பது கேட்கும். அண்ணன் அதைக் காதில் வாங்காதது போல வைத்துவிடுவார்.

டிப்போவில் அவளோடு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் கேன்டீன்காரி. டிரைவர், கண்டக்டர், மேனேஜர் எல்லோருக்கும் அவள் அக்காதான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். டீ ஆறிப்போச்சு என்று யாராவது சொன்னால், "நீ வந்து சேர்ந்த வேகத்துக்குப் பால் தயிராகாம இருந்ததே பெரிசு" என்பாள். அந்த அக்காவுக்கு ஏனோ இந்த வாய் பேசாத பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் இரண்டு டம்ளர் டீயோடு கிடங்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். பேசுவது முழுக்க அவள்தான்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். அவனும் உங்கள மாதிரி ராணுவத்துலதான் இருந்தான்" என்றாள் ஒருநாள்.

"எந்தப் பிரிவு?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். லாரி ஓட்டினான். இப்ப அங்க இல்ல." அதற்கு மேல் அக்கா எதுவும் சொல்லவில்லை. ஓயாமல் பேசுகிறவள் நிறுத்திய இடத்தில் தான் கேட்பது மரியாதையில்லை என்று இவளும் விட்டுவிட்டாள்.

அந்தத் தம்பி ஒருநாள் கையில் ஒரு பையோடு கேன்டீனுக்கு வந்தான். இவள் டீ வாங்க நின்றிருந்தாள். அவன் பையைக் கீழே வைத்து நிமிர்ந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவனுக்கு முடி உதிர்ந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. பழைய பழக்கத்தில் அவன் உடம்பு தானாக விறைத்து நின்றது. பிறகு தளர்ந்தது. அக்காவின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னான்.

அக்கா டம்ளரை அவளிடம் நீட்டவில்லை. மேசைமேல் வைத்தாள். அன்று மத்தியானம் கிடங்கு வாசலுக்கு யாரும் வரவில்லை.

அவள் அவனைக் கடைசியாகப் பார்த்திருந்தது ஒரு நீதிமன்ற அறையில். ராணுவத்தில் அவள் ஸ்டோர் அதிகாரியாகச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. ஒரு சிப்பாய்மேல் வழக்கு, விசாரிக்க ஐந்து அதிகாரிகள் உட்கார வேண்டும், அதில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஐந்து பேரில் அவள்தான் பதவியிலும் வயதிலும் இளையவள். ஓரத்து நாற்காலி அவளுக்கு. நடுவில் தலைவராக ஒரு கர்னல்.

குற்றம் சாட்டப்பட்டவனைத் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் அழைத்து வந்தார்கள். லாரி டிரைவர். கூட இருந்த சிப்பாய்கள் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'பிரேக்'. கோழி குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தி வழிவிடுகிற ஆள். கர்னல் ஐந்து பேருடைய பெயரையும் வாசித்துக் காட்டி, "இவங்கள்ல யாராவது உன்னை விசாரிக்கறதுல ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். அது அவனுடைய உரிமை. தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆளை எழுப்பிவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவளிடம் பலமுறை டயர் வாங்கிப் போயிருக்கிறான். அவள் முகத்தில் அவன் பார்வை கொஞ்சம் கூடுதலாகவே நின்றது.

"இல்ல சார்" என்றான்.

ஐந்து பேரும் சத்தியம் எடுத்துக்கொண்டார்கள். பயமோ பட்சபாதமோ இல்லாமல் நியாயம் வழங்குவேன் என்பது ஒன்று. இந்த நீதிமன்றத்தில் எந்த உறுப்பினர் என்ன சொன்னார், எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதைச் சட்டம் கேட்டாலொழிய யாரிடமும் எக்காலத்திலும் வெளியிட மாட்டேன் என்பது இன்னொன்று. முதல் சத்தியத்தைச் சொல்லும்போது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாவதை வாயால் சொல்லிக் கடந்துபோனாள்.

வழக்கு இதுதான். பயிற்சி முகாமைப் பார்வையிடப் பெரிய தளபதி வருகிறார். கூடாரமும் நாற்காலிகளும் ஆற்றுக்கு அக்கரை போய்ச் சேர வேண்டும். மழையில் ஆறு பெருகித் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லாரியின் பின்னால் சாமான்களோடு சிப்பாய்களும் இருந்தார்கள். கேப்டன் "போ" என்றார். டிரைவர் இறங்கித் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து, "பாலத்தோட ஓரக்கல்லு தெரியல சார். பின்னாடி இருக்கறவங்கள இறக்கிட்டா நான் மட்டும் ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றான். "இறக்க நேரமில்ல, போ" என்றார் கேப்டன். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றான். வேறொரு டிரைவர் ஏறி, ஆட்களோடு லாரியை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இவனுக்கு வினையாகப் போயிற்று.

மேலதிகாரியின் சட்டப்படியான உத்தரவை வேண்டுமென்றே மீறினான் என்பது குற்றச்சாட்டு. அவனுக்காகப் பேச ஓர் அதிகாரியைக் கொடுத்திருந்தார்கள். நல்ல பையன், ஆனால் கர்னல் இருமினாலே பேச்சு நின்றுவிடும். சட்டம் தெரிந்த அதிகாரி ஒருவர் எல்லாவற்றையும் தொகுத்துச் சொன்னார். ஒரு குற்றத்தைச் செய்யச் சொல்லும் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. ஆனால் ஆபத்தான உத்தரவெல்லாம் சட்டவிரோதமாகிவிடாது. அவன் வேண்டுமென்றே மீறினானா என்பதை உறுப்பினர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவனுக்கு.

பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஐந்து பேர் மட்டும்.

"இளையவங்கதான் முதல்ல சொல்லணும்" என்றார் கர்னல். "பெரியவங்க சொன்னதக் கேட்டுச் சின்னவங்க தலையாட்டிடக் கூடாதுன்னுதான் இந்த விதி. சொல்லும்மா."

 எதிரே இருந்த தண்ணீர் டம்ளரை அவள் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"குற்றவாளி இல்ல சார்."

நான்கு தலைகள் அவள் பக்கம் திரும்பின.

"போகமாட்டேன்னு அவன் சொல்லல சார். தனியாப் போறேன்னு சொன்னான். உத்தரவ மதிக்காதவன் தன் உயிர மட்டும் பணயம் வைக்கறேன்னு முன்வருவானா? வேணும்னே மீறினான்னு என்னால நிச்சயமாச் சொல்ல முடியல."

அடுத்தவர் "குற்றவாளி" என்றார். அதற்கடுத்தவர் வாயைத் திறந்து மூடினார். அவளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். கடைசியில் "குற்றவாளி" என்றார். நான்காமவர் யோசிக்கவே இல்லை. கர்னல் கடைசியாக, கோபம் இல்லாமல்தான் பேசினார்.

"நீ சொல்றது எனக்குப் புரியாம இல்லம்மா. ஆனா இன்னைக்குத் தண்ணி, நாளைக்குத் தோட்டா. ஒவ்வொருத்தனும் ஆழம் பாத்துட்டுத்தான் கால வைப்பேன்னா அப்புறம் படை எதுக்கு? குற்றவாளி."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அடுத்தது தண்டனை. அதிலும் இளையவள்தான் முதலில்.

"அவன் குத்தமே பண்ணலன்னு சொன்ன நான் தண்டனை சொல்லணுமா சார்?"

"சொல்லணும். இனிமே அது இந்தக் கோர்ட்டோட தீர்ப்பு. உன்னுது என்னுதுன்னு கிடையாது."

"கண்டிச்சு விட்டாப் போதும்" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. மற்றவர்கள் சொன்னதெல்லாம் சேர்ந்து சில மாதச் சிறையும், படையிலிருந்து நீக்கமும் என்று வந்து நின்றது. தீர்ப்பு வாசிக்கப்படும்போது எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று வராது. நீதிமன்றம் ஒரே வாயால் பேசும். மேலே இருந்த தளபதி அதைப் பார்த்து உறுதி செய்தார், அவனைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தக் கேப்டன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி. அஞ்சு பேரும் என் மானத்தக் காப்பாத்திட்டீங்க" என்றார். அவள் கையை உருவிக்கொண்டு தட்டைக் கழுவப் போனாள். நீதிமன்றத்தில் அவளோடு உட்கார்ந்திருந்த நான்கு பேரும் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் வாயைத் திறந்து மூடிய அந்த அதிகாரி, அவள் ஒரு வாசலில் வந்தால் மறு வாசலில் போய்விடுவார். கர்னல் வணக்கத்தை வாங்கிக்கொள்வார், சிரிக்க மாட்டார். காரணம் தெரிந்தவர்கள் விலகினார்கள். காரணம் தெரியாதவர்கள், பெரியவர்கள் விலகுவதைப் பார்த்து விலகினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நீட்டிக்கக் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது டிப்போவிலும் அதே கதையாயிற்று. சங்கதி கேன்டீனிலிருந்து பட்டறைக்குப் போக நேரமா ஆகும்? தலைமை மெக்கானிக் பேச்சுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். லைனிங் கேட்டு வருகிறவர்கள் சீட்டை நீட்டிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூட்டு மேடம் என்ற பெயர்கூடப் போய்விட்டது. பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வதற்கும் கொஞ்சம் பிரியம் வேண்டியிருக்கிறதே.

தம்பிக்கு டிப்போவில் பஸ் கழுவும் வேலை கிடைத்தது. டிரைவர் வேலைக்கு எடுக்கவில்லை. படையிலிருந்து நீக்கப்பட்டவனுக்குப் பொது வண்டியைக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கழுவிய பஸ்ஸை சாய்தளத்திலிருந்து எடுத்து வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு மட்டும் அனுமதி. வாயிற்கதவைத் தாண்டக் கூடாது. காலையில் ஜன்னலைத் திறந்தால் அவள் கண்ணில் படுவது அதுதான். அந்தச் சின்னத் தூரத்துக்கும் அவன் கண்ணாடியைச் சரிசெய்வான், இருபுறமும் பார்ப்பான், பிறகுதான் வண்டியை நகர்த்துவான்.

ஒருநாள் அக்கா கிடங்குக்கு வந்தாள். கையில் டம்ளர் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. நீங்களும் என் தம்பி தப்பு பண்ணான்னுதான் சொன்னீங்களா?"

அவள் கையில் ஒரு பேரிங் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அதச் சொல்ல எனக்கு உரிமை இல்லக்கா."

"உரிமை இல்லையா, வாய் வரலையா?"

"உரிமை இல்ல."

"உங்ககூட உக்காந்து டீ குடிச்சேனே" என்றாள் அக்கா. அந்தப் பெரிய குரல் உடைந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. "என் தம்பியோட சோத்துல மண்ணப் போட்டவங்ககூட உக்காந்து சிரிச்சேனே."

"இல்லக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அது தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அவள் தன்னைக் கழித்துக்கொண்டால் மிச்சம் நான்கு பேரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். வாயைத் திறந்து மூடியவரையும் சேர்த்து. அவ்வளவு மட்டுமில்லை. கர்னலுக்கு முன்னால் அன்று அவளால் பேச முடிந்ததே, கதவு சாத்தியிருந்தது என்ற தைரியத்தில்தானே? நாளைக்கு ஓரத்து நாற்காலியில் வேறு ஒருத்தி உட்காருவாள். அவளுக்கும் அந்தக் கதவு சாத்தியிருக்க வேண்டாமா? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதால் துக்கம் ஆறிவிடவில்லை. அக்கா போன பிறகு வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, காத்திருந்த கண்டக்டருக்கு மணிக்கயிறு எடுத்துக் கொடுத்தாள்.

அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று தோன்றியது. மூடிய கதவுக்குள் பேசியதைத்தான் சொல்லக் கூடாது. திறந்த நீதிமன்றத்தில் எல்லோர் காதிலும் விழுந்ததைச் சொல்லலாம். சட்டத்தில் இருப்பதைச் சொல்லலாம். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாய்தளத்துக்கு நேராக நடந்துபோனாள். அவன் குழாயை அடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"மேல மனு போட்டீங்களா?"

"என்ன மனு?"

"தீர்ப்ப உறுதி பண்ணினதுக்கப்புறமும் அதுக்கு மேல இருக்கறவங்ககிட்ட மனு குடுக்கலாம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொல்லிருப்பாங்க. அன்னைக்கு என் காதுல எதுவும் ஏறல."

"தாமதமாயிடுச்சுன்னா அதுக்குக் காரணத்தச் சொல்லிக் கேக்கணும். விசாரணைல பேசினதோட நகல் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஒரு வக்கீலப் பாருங்க. ஆளுங்கள இறக்கினா நான் தனியாப் போறேன்னு சொன்னீங்கல்ல, அது பதிவுல இருக்கு. முதல்ல அதக் காட்டுங்க."

அவன் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 

"தண்டிச்சதும் நீங்க, வழி சொல்றதும் நீங்களா மேடம்?"

அவள் திரும்பி நடந்தாள். முதுகில் அவன் பார்வை குத்துவது தெரிந்தது.

அவன் மனு போட மாட்டான் என்றுதான் நினைத்தாள். ஆனால் அக்கா விடவில்லை போலிருக்கிறது. வக்கீல் கிடைத்தார், நகல் வந்தது, மனு போயிற்று. ஒரு மழைக்காலம் போய், வெயில் வந்து, அடுத்த மழையும் தொடங்கிவிட்டது. அத்தனை நாளும் டிப்போவில் அவளோடு யாரும் பேசவில்லை. அண்ணன் போன் செய்தபோது வழக்கத்துக்கு மாறாக அவள் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றார் அவர். "ஒண்ணுமில்லண்ணே. அண்ணிகிட்ட குடுங்களேன்" என்றாள். அண்ணி கல்யாணப் பேச்சை எடுத்தாள். அதையும் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தது. தீர்ப்பு அப்படியே நின்றது. அவன் குற்றவாளிதான். ஆனால் தனியாகப் போவதாக அவன் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, படையிலிருந்து நீக்கியதை ரத்து செய்துவிட்டு, சாதாரணமாக விடுவிக்கப்பட்டதாக மாற்றியிருந்தார்கள். சிறையில் இருந்த மாதங்களை யாரும் திருப்பித் தர முடியாது. டிப்போ மேனேஜர் அவனை ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றி, தானும் கூட உட்கார்ந்து, ஊர் முழுக்க ஓட்டிக் காட்டச் சொன்னார். திரும்பி வந்து, "இவன் கையில வண்டியக் குடுத்தா நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆனா போய்ச் சேரும்" என்று சொல்லி வேலையைக் கொடுத்தார்.

புதுச் சட்டை மாட்டிக்கொண்ட நாளில் அவன் அக்காவோடு கிடங்குக்கு வந்தான். சட்டையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் நின்றார்கள்.

"சொல்லுடா" என்றாள் அக்கா.

"மேடம், நான் உங்கள மன்னிச்சுட்டேன்" என்றான்.

அவளுக்கு முதலில் அது காதில் சரியாக விழவில்லையோ என்றிருந்தது.

"சிறையில இருந்தப்போ அஞ்சு பேர் முகத்தையும் ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்துத் திட்டுவேன். உங்கள ரொம்பத் திட்டினேன். டயர் குடுக்கும்போது நல்லாப் பேசுவீங்களே, அதனால. இப்ப யோசிச்சா பாவமாத்தான் இருக்கு. நீங்க அன்னைக்கு எவ்வளவு சின்னவங்க! அந்தக் கர்னல்கூட உக்காந்துக்கிட்டு நீங்க என்ன பண்ணிருக்க முடியும்? பயந்துபோய் அவங்க சொன்னதுக்குத் தலையாட்டிருப்பீங்க. யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க."

அவன் குரலில் கள்ளம் இல்லை. முழு மனதோடு சொன்னான். அக்காவின் கண்ணில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் அண்டா அண்டாவாகக் கொதித்துக்கொண்டிருந்த கோபத்தை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

 தலையாட்டவில்லை என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

"மனசுல வச்சுக்காதீங்க மேடம்."

"இல்ல. வச்சுக்கல."

அவன் வண்டி புறப்படும் நேரமாகிவிட்டது என்று ஓடினான். அக்கா கவுன்டருக்குள் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். "இந்த ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும். வரலன்னா நான் வந்து தூக்கிட்டுப் போயிடுவேன், பாத்துக்கங்க" என்றாள். பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

போகாமல் இருக்க அவளுக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், போக வேண்டும் என்றும் இருந்தது. பழம் வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு அறை வீடு. கொடியில் துணி, மூலையில் தையல் மெஷின், சுவரில் அக்காவின் பிள்ளைகள் கிறுக்கிய கரிக்கோடுகள். தம்பி பாய் விரித்தான். எல்லோரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. யாரோ சொன்ன வேடிக்கைக்கு எல்லோரையும் போல அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "யாரு இவங்க?" என்று கேட்டாள்.

"நம்ம கிடங்கு மேடம்" என்றாள் அக்கா பெருமையாக. "தம்பிக்குத் தீர்ப்பு சொன்னவங்கள்ல ஒருத்தங்க. தெரியாம அப்படிச் செஞ்சுட்டாங்க. ஆனா எத்தனை பேருக்கு வரும், பண்ணின தப்புக்குத் தானே வந்து வழி சொல்ற மனசு?"

அந்தப் பெண் அவளைக் கனிவோடு பார்த்துத் தலையசைத்தாள். தம்பி சட்டென்று அவள் தட்டைப் பார்த்தான், உபசரிப்பில் குறை வந்துவிடக் கூடாது என்று.

"என்ன மேடம், கை நின்னுடுச்சு? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போடுங்க" என்றாள் அவள்.